கறுப்பைச் சரியாகக் காட்டும் மொனிட்டர் எது? ஒரு ஸ்டூடியோக்காரரின் அனுபவக் கணக்கு

தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த வியாபாரியும் சரக்கு நிறுக்க மாட்டார். ஆனால் போட்டோ, அச்சு வேலை, ஒன்லைன் விற்பனை என்று கணினித் திரையை நம்பிப் பிழைக்கும் எம்மில் பலர், அந்தத் திரை உள்ளதை உள்ளபடி காட்டுகிறதா என்று ஒரு நாளும் சோதித்துப் பார்ப்பதில்லை. பூண்டுலோயா பசாரில் சிறியதொரு ஸ்டூடியோவும் போட்டோகொப்பிக் கடையும் நடத்தும் நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்காக நான் கட்டிய விலையை முதலில் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

கரி பூசிய கோட்டு

2007 ஆம் ஆண்டு. அதுவரை எனது மேசையில் இருந்தது பெட்டி போன்ற பழைய மொனிட்டர். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம். கடையில் இடமும் இல்லை, கரண்ட் பில்லும் கூடுதல். எனவே கொழும்புக்குப் போய் மெல்லிய எல்.சி.டி. மொனிட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். வெளிச்சம் பளீரென்று இருந்தது. கடைக்கு வருபவர்களெல்லாம் பார்த்து வியந்தார்கள்.

அந்த மாதமே பக்கத்துத் தோட்டத்தில் ஒரு திருமண அல்பம் கிடைத்தது. மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு, பெண்ணுக்குக் கடும் அரக்குச் சேலை. புதிய திரையில் பார்த்தால் கோட்டு கறுப்பாக இல்லை, வெளுத்துச் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தது. படம் எடுத்ததில்தான் குறை என்று எண்ணி, ஒவ்வொரு படத்திலும் கறுப்பைக் கூட்டினேன். திரையில் எல்லாம் அழகாக வந்தது. சி.டி.யில் போட்டுக் கண்டியிலுள்ள லேபுக்கு அனுப்பினேன்.

அல்பம் வந்ததும் பெண்ணின் தகப்பனார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்னா நானா, கோட்டுல பட்டனையே காணோம். கரியப் பூசுன மாதிரில்ல இருக்கு."

அவர் சொன்னது உண்மை. கோட்டின் மடிப்பும் இல்லை, பட்டனும் இல்லை. அரக்குச் சேலையின் கரை கறுப்புக்குள் மறைந்திருந்தது. நாட்சம்பளத்தில் சேர்த்த பணத்தைத் தந்த மனிதரிடம் நான் என்ன பதில் சொல்வது? படங்களைத் திரும்பவும் செய்து, அல்பத்தை எனது செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். வரவேண்டிய இலாபம் போய், கையிலிருந்தும் போனது. லேப் எதையும் கெடுக்கவில்லை. நான் அனுப்பியதைத்தான் அவர்கள் அச்சிட்டிருந்தார்கள். பிழை எனது திரையிலும், அதைச் சோதிக்காத என்னிலும் இருந்தது.

திரைக்குள் நடப்பது என்ன?

அதன் பின்னர்தான் இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். விளங்கிக் கொள்வது கடினமில்லை.

பழைய பெட்டி மொனிட்டரில் கண்ணாடியின் பின்புறம் பூசப்பட்ட பொஸ்பர் என்ற பொருளில் மின்கதிர் படும் இடம் மட்டுமே ஒளிரும். கதிர் படாத இடத்தில் வெளிச்சம் பிறப்பதே இல்லை. எனவே இருட்டறையில் அதன் கறுப்பு நல்ல கறுப்பு.

எல்.சி.டி. மொனிட்டர் அப்படியல்ல. அதன் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் என்ற பொருள், ஒரு கதவைப் போல அந்த வெளிச்சத்தை விடும் அல்லது தடுக்கும். கதவை எவ்வளவுதான் சாத்தினாலும் இடுக்கால் கொஞ்சம் வெளிச்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவுதான் எமக்குக் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பலாகத் தெரிகிறது. எந்தக் கதவு எவ்வளவு இறுக்கமாகச் சாத்துகிறது என்பதில்தான் மொனிட்டர் வகைகளின் வேறுபாடு இருக்கிறது.

இந்தத் திரவப் படிகத்தின் விந்தையை 1888 இல் கண்டவர் பிராக் நகரில் பணியாற்றிய பிரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர். அது மொனிட்டர் வரை வருவதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. இன்று கடைகளில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது டி.என். வகை. 1970 இல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட், வொல்ப்காங் ஹெல்ப்ரிக் ஆகிய இருவரும் இதற்குக் காப்புரிமை கோரினர். செய்வது இலகு, விலை மலிவு. ஆனால் பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். மேலிருந்து பார்த்தால் படம் வெளுக்கும், கீழிருந்து பார்த்தால் இருண்டு போகும். 2007 இல் நான் வாங்கியது இதுதான். எனது மேசையோ தாழ்வானது. நான் திரையை மேலிருந்தே பார்த்து வந்தேன். அத்துடன் திரையின் வெளிச்சத்தை நூறு வீதத்தில் வைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்து எனது கண்ணை ஏமாற்றிவிட்டன.

இரண்டாவது ஐ.பி.எஸ். வகை. 1996 இல் ஹிட்டாச்சி நிறுவனம் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் படிகங்கள் கண்ணாடிக்குச் சமாந்தரமாகவே திரும்புகின்றன. எனவே பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும், எழுந்து நின்று பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் காட்டும் எமக்கு இது பெரிய வசதி. குறை என்னவென்றால், இதன் கதவு இறுகச் சாத்தாது. இருட்டில் பார்த்தால் கறுப்புப் படத்தின் மூலைகளில் மங்கலான ஒளி பூத்திருக்கும்.

மூன்றாவது வி.ஏ. வகை. இதுவும் 1990களில் வந்ததுதான். புஜிட்சு நிறுவனம் முன்னின்று வளர்த்தது. மின்சாரம் இல்லாதபோது படிகங்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும். கதவு நன்றாக இறுகும். எல்.சி.டி. வகைகளில் ஆழமான கறுப்பு இதற்குத்தான். சந்தையில் விற்கும் வளைந்த மொனிட்டர்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

நான்காவது ஓ.எல்.ஈ.டி. வகை. இதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தேவையில்லாதபோது தானே அணையும். எனவே கறுப்பு என்றால் முழுக் கறுப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டியில் "எல்.ஈ.டி. மொனிட்டர்" என்று இருப்பதைப் பார்த்து அதை ஓ.எல்.ஈ.டி. என்று எண்ணிவிட வேண்டாம். அது சாதாரண எல்.சி.டி.தான். பின்விளக்கு மட்டும் எல்.ஈ.டி. பல்பு. அந்தப் பெயர் கறுப்பின் தரத்தைப் பற்றி எமக்கு எதையும் சொல்வதில்லை.

மச்சானின் அபாயா

கறுப்பு ஆழமாக இருந்தால் போதும், வி.ஏ. வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கம்பளையில் அபாயா வியாபாரம் செய்யும் எனது மச்சானின் கதைதான் என்னைத் திருத்தியது.

அவர் போனில் படம் எடுத்து, கணினியில் சீர்செய்து, வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போட்டு விற்கிறார். கறுப்பு அபாயாவில் கறுப்பு நூல் வேலைப்பாடு; அதுதான் அவரது நல்ல சரக்கு. சென்ற வருடம் பெரிய வளைந்த மொனிட்டர் ஒன்றை வாங்கினார். அதன் நேர் முன்னால் அமர்ந்து பார்த்தால் கறுப்பு கிணறு போல ஆழமாக இருந்தது. ஆனால் நூல் வேலைப்பாடு தெரியவில்லை. அது தெரிய வேண்டும் என்பதற்காக அவரது மகன் எல்லாப் படங்களையும் வெளிச்சமாக்கினான்.

அந்தப் படங்கள் வாடிக்கையாளரின் போனுக்குப் போனபோது அபாயா சாம்பல் நிறமாகத் தெரிந்தது. சாம்பல் நிறம் பிடித்துப்போய் எடுத்தவர்களுக்குக் கறுப்பு போய்ச் சேர்ந்தது. பார்சல் திரும்பி வரத் தொடங்கியது. போக வரக் கூரியர் செலவு இவர் தலையில். "மச்சான், சரக்கில ஒரு குறையும் இல்ல, ஏன் திருப்பி அனுப்புறாங்கண்டு விளங்குதில்ல" என்று என்னிடம் வந்தார்.

அவரது மொனிட்டரை எனது கடைக்கு எடுத்துவரச் சொன்னேன். எனது ஐ.பி.எஸ். மொனிட்டரையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே படத்தைத் திறந்தோம். ஐ.பி.எஸ்.ஸில் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆனால் நூல் வேலைப்பாடு இழை இழையாகத் தெரிந்தது. வி.ஏ.யில் நேராகப் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் அதே திரையில் வேலைப்பாடு மெல்ல எழும்பி வந்தது. இது அந்த ஒரு மொனிட்டரின் பழுதல்ல, வி.ஏ. வகைக்கு உள்ள இயல்பு. நேராகப் பார்க்கும்போது கறுப்புக்கு அடுத்தடுத்த மெல்லிய நிறங்கள் கறுப்போடு ஒட்டிவிடும்.

எனது கதையும் அவரது கதையும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள். எனது திரை கறுப்பை வெளுப்பாகக் காட்டியது, நான் படத்தை இருட்டாக்கினேன். அவரது திரை நுணுக்கத்தைக் கறுப்புக்குள் அமுக்கியது, அவர்கள் படத்தை வெளிச்சமாக்கினார்கள். கறுப்பின் ஆழம் வேறு, கறுப்புக்குள் இருக்கும் நுணுக்கம் தெரிவது வேறு. படம் பார்ப்பவருக்கு முன்னது பெரிது. படத்தை வைத்து வியாபாரம் செய்பவருக்குப் பின்னது பெரிது.

எண்களைப் படிப்பது எப்படி?

ஒரு திரையின் வெள்ளை அதன் கறுப்பை விட எத்தனை மடங்கு வெளிச்சம் என்பதைத்தான் கொன்ட்ராஸ்ட் என்கிறார்கள். டி.என். மொனிட்டர்களில் இது ஏறத்தாழ 600 முதல் 1000 மடங்கு. சாதாரண ஐ.பி.எஸ்.ஸில் 1000 மடங்கு அளவு. 2022 முதல் வந்துள்ள "ஐ.பி.எஸ். பிளக்" என்ற திருத்திய வகையில் 2000 மடங்கு. வி.ஏ.யில் 3000 மடங்கும் அதற்கு மேலும். ஓ.எல்.ஈ.டி.யில் கறுப்பு பூச்சியம் என்பதால் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

பெட்டியில் இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் ஓர் எண் போட்டிருப்பார்கள். அது "டைனமிக் கொன்ட்ராஸ்ட்". முழுத்திரையும் கறுப்பாகும்போது பின்விளக்கையே மங்கச் செய்து அளந்த கணக்கு அது. வெள்ளைச் சேலையும் கறுப்புக் கோட்டும் ஒரே படத்தில் நிற்கும்போது அதனால் பயனில்லை. "ஸ்டெடிக்" அல்லது "நேட்டிவ்" கொன்ட்ராஸ்ட் எவ்வளவு என்று கேளுங்கள்.

இனி எமது கடைக் கணக்குக்கு வருவோம். திரையின் வெள்ளை 250 கண்டெலா என்று வைத்துக்கொள்வோம். ஐ.பி.எஸ்.ஸில் கறுப்பு 0.25. வி.ஏ.யில் சுமார் 0.08. இருட்டறையில் இந்த வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடை இருட்டறை அல்லவே. மின்குமிழும் வீதி வெளிச்சமும் திரையில் பட்டுத் தெறிக்கும். அந்தத் தெறிப்பு ஒரே ஒரு கண்டெலா என்று வைத்தாலும், அது வெள்ளையோடும் சேரும், கறுப்போடும் சேரும். இப்போது ஐ.பி.எஸ்.ஸின் கொன்ட்ராஸ்ட் சுமார் 200 மடங்கு, வி.ஏ.யினது சுமார் 230, ஓ.எல்.ஈ.டி.யினது சுமார் 250. ஆயிரம், மூவாயிரம் என்று பெட்டியில் இருந்த பெரிய வித்தியாசம் கடை வெளிச்சத்தில் கரைந்துவிட்டது.

எனவே வாசலைப் பார்த்த வெளிச்சமான கடையில், கறுப்புக்கென்று மேலதிக பணம் கொடுப்பது வீண். முதலில் மொனிட்டரைத் திருப்பி வையுங்கள். வாசல் வெளிச்சமோ மின்குமிழோ நேராகத் திரையில் படாத இடமாகப் பாருங்கள். அதற்குச் சதமும் செலவில்லை.

இன்னொன்றும் உண்டு. போட்டோத் தாளில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 100 முதல் 200 மடங்குதான். அச்சுக்குப் போகும் படத்துக்கு ஐ.பி.எஸ். மொனிட்டரின் கறுப்பே தாராளம்.

கொடக் சொல்லித் தரும் பாடம்

எனது வயதையொத்த ஸ்டூடியோக்காரர்கள் கொடக் பிலிம் ரோலை மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய ஓ.எல்.ஈ.டி. திரைக்கு வழி திறந்த ஆய்வும் அந்த கொடக் நிறுவனத்தில்தான் நடந்தது. சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு ஆய்வாளர்கள் அதனை 1987 இல் வெளியிட்டனர். ஆனால் கொடக் 2009 இல் அந்தப் பிரிவை எல்.ஜி. குழுமத்துக்கு விற்றுவிட்டது, 2012 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இன்று ஓ.எல்.ஈ.டி. திரைகளை விற்றுப் பணம் பார்ப்பவர்கள் கொரியாக்காரர்கள். சரக்கைக் கண்டுபிடித்தவருக்கே சந்தை கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. இதுவும் நாம் மனதில் வைக்க வேண்டியதொன்று.

ஓ.எல்.ஈ.டி.யின் கறுப்புக்கு நிகர் இல்லை என்பது உண்மை. ஆனால் கடைக்கு வாங்குபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஒரே படம் மணிக்கணக்காக நின்றால் அந்த இடம் தேய்ந்து, அழியாத நிழல் விழும். பில் போடும் மென்பொருள் காலை முதல் இரவு வரை ஒரே கட்டங்களோடு நிற்கும் கவுண்டருக்கு இது ஏற்றதல்ல.

யாருக்கு எது?

பில் கவுண்டருக்கும் கணக்கு வேலைக்கும்: கறுப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். எழுத்துத் தெளிவாக, கண் நோகாமல் இருந்தால் போதும். விலை குறைந்த ஐ.பி.எஸ். போதுமானது.

ஸ்டூடியோ, அச்சகம், அழைப்பிதழ் வேலை, ஒன்லைனில் துணி விற்பவர்கள்: ஐ.பி.எஸ். மட்டுமே எனது தெரிவு. நிறம் கோணத்துக்குக் கோணம் மாறாதது முக்கியம்.

கண்காணிப்புக் கமராப் படத்தைப் பார்ப்பதற்கு: பலர் பல பக்கத்திலிருந்து பார்ப்பதாலும், இருளில் நடமாடும் உருவம் தெரிய வேண்டும் என்பதாலும் இதற்கும் ஐ.பி.எஸ். பொருத்தம். வி.ஏ.யில் இருட்டான படம் அசையும்போது பின்னால் கறுப்பு இழுபடும்.

ஹோட்டல் அறையிலோ வீட்டிலோ இரவில் படம் பார்ப்பதற்கு: வி.ஏ. நல்லது. வசதி இருந்தால் ஓ.எல்.ஈ.டி.

வாங்கும்போது கவனிக்க

2022 இல் டொலர் 200 ரூபா மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் 350 ரூபாவையும் தாண்டியபோது, ஒரு மொனிட்டரின் விலை எங்கே போனது என்பதை நாமெல்லோரும் பார்த்தோம். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. ஒருமுறை பிழையாக வாங்கினால் திருத்திக்கொள்ள இன்று எம்மால் முடியாது. ஆகவே கடையிலேயே சோதித்து வாங்குங்கள்.

ஒரு யு.எஸ்.பி.யில் இரண்டு படங்களைக் கொண்டு போங்கள். ஒன்று வெறும் கறுப்புப் படம். அதைத் திரை முழுவதும் போட்டு, முடிந்தால் விளக்கை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். ஓரங்களில் வெளிச்சம் பீறிட்டு வந்தால் வேறொன்றைக் கேளுங்கள். மற்றது நீங்களே செய்யக்கூடியது. பெயின்ட் மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து 0, 5, 10, 15, 20, 25, 30 என்று ஏழு கட்டங்களை வரையுங்கள். நல்ல மொனிட்டரில் 10 ஆவது மங்கலாகவேனும் தெரியும். 15 இலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தால் கோட்டுப் பட்டன் அதில் தெரியாது.

பிறகு எழுந்து நின்று பாருங்கள், பக்கத்தில் நகர்ந்து பாருங்கள். எத்தனை புள்ளிகள் செத்திருந்தால் மாற்றித் தருவார்கள், உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பாவித்த மொனிட்டர் வாங்குவதும் குறையல்ல. வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து கழிக்கப்பட்டு வருபவற்றில் நல்ல ஐ.பி.எஸ். மொனிட்டர்கள் உண்டு. ஆனால் வெள்ளைப் படத்தைப் போட்டு மஞ்சள் படிந்துள்ளதா என்று பாருங்கள். பின்விளக்கு கிழடானால் மஞ்சளாகும். மொடல் எண்ணைப் போனில் தேடினால் அது எந்த வகை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின் செய்ய வேண்டியது, வெளிச்சத்தைக் குறைப்பது. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும்வரை குறையுங்கள். வெள்ளை 250 இலிருந்து 100 கண்டெலாவுக்கு இறங்கினால் கறுப்பும் 0.25 இலிருந்து 0.1 க்கு இறங்கும். கண்ணுக்கும் நல்லது, கரண்டும் மிச்சம். மலைநாட்டில் இடி மின்னலும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அதிகம் என்பதால் ஒரு யு.பி.எஸ். வைப்பதையும் மறவாதீர்கள்.

ஒரு சாட்சிப் படம்

மச்சான் மொனிட்டரை மாற்றவில்லை. புதியது வாங்க அவரிடம் பணம் இல்லை. படத்தைச் சீர்செய்யும்போது அபாயாவையே மேசையில் விரித்து வைத்து, திரையையும் போனையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி சொன்னேன். நிறத்தின் பெயரையும் படத்தின் கீழே எழுதச் சொன்னேன். திரும்பி வரும் பார்சல்கள் குறைந்துவிட்டதாக இப்போது சொல்கிறார்.

நானும் அப்படியொன்று வைத்திருக்கிறேன். 2007 இல் கரி பூசினாற்போல் வந்த அந்த அல்பத்தின் ஒரு பக்கமும், திருத்தி அடித்த பக்கமும் எனது மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கின்றன. இரண்டின் கோப்பும் கணினியில் உண்டு. மொனிட்டர் மாற்றினாலும், அதன் செட்டிங் மாறினாலும், முதலில் அந்த இரண்டையும் திறந்து தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறேன்.

கடந்த ஆண்டு, சம்பளம் போட்ட மறுநாள், அதே தோட்டத்து மனிதர் பேரப்பிள்ளையின் படத்துக்காக வந்திருந்தார். மேசைக் கண்ணாடிக்குள் தனது மருமகனின் கோட்டைக் கண்டு சிரித்தார். "இன்னமும் வச்சிருக்கீங்களா நானா?" என்று கேட்டார்.

"நிறுக்கிற கல்லு இதுதான் அண்ணே" என்றேன்.